பொடி வைத்தல்

சிவதாபுரம், எங்கள் சந்தில்
வீட்டுக்கு வீடு ஊதுகுழல்.
கொலுசில் முத்துப் பிடிக்கப்
பொடி வைத்து ஊதுவது என் தொழில்.
பொடி வைத்துப் பேசுவது
பின்சுவருக்கு அந்தப் பக்கம்
மாதேஸ்வரியின் தொழில்.

"கோழி வளக்கறாங்களாம் கோழி,
தீனியெல்லாம் அடுத்தவங்க தோட்டத்துல."
என்னிடம் சொல்லவில்லை.
கொடியில் காயும் பாவாடையிடம் சொன்னாள்.
சாம்பல் பெட்டை சுவரேறிக் குதித்து
அவள் ஓமவல்லியைக் குருத்தோடு கொத்தியது
உண்மைதான்.
அதோடு எட்டு மாதம் பேச்சில்லை.
பெட்டைக்கு மட்டும் போக்குவரத்து இருந்தது.

மாசியில் வெயில் ஏறியது.
முதலில் சேவல் கூவ மறந்தது.
பிறகு செவலை
இறக்கையை நனைந்த சாக்குபோலத் தொங்கவிட்டு
வெயிலிலேயே நின்றது.
கூண்டுக்கடியில் சுண்ணாம்பு கரைத்த மாதிரி எச்சம்.
பெயரைச் சொன்னால் வந்துவிடுமென்று
சந்தில் "அது" என்றுதான் சொல்வார்கள்.
மூன்றாம் வீட்டுத் தங்கராசு
பதினோரு கோழியைச் சாக்கில் கட்டி
ராத்திரியோடு எடுத்துப் போனார்.
எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"சொட்டு மருந்து போட்டிருக்கீங்களா?"
போடவில்லை.
"வந்த பிறகு இதுக்கு மருந்து கிடையாது.
நல்லா இருக்கறதைத் தனியாப் பிரிங்க,
அதுங்களுக்காவது போட்டுக்குங்க.
இலைதழை அரைச்சுக் குடுத்தா தெம்புக்கு ஆகும்,
அதையே நம்பி உக்காந்துடாதீங்க."

பெட்டைக்கும் மூன்று குஞ்சுகளுக்கும்
கண்ணில் ஒவ்வொரு சொட்டு.
போட்டதற்கு அடையாளமாய்ப் பெட்டையின் காலில்
கழித்துப்போட்ட கொலுசு வளையம்,
ஒற்றை முத்தோடு.
வெள்ளி இல்லை, ஜெர்மன் சில்வர்.

நகக்கண்ணில் வெங்காரம் ஒட்டியிருக்கும் கை.
புளி போட்டு மூன்று தரம் கழுவினேன்.
சீரகம், மிளகு, மஞ்சள்,
சின்ன வெங்காயம் நாலு,
எல்லாம் அம்மிக்கு வந்தாயிற்று.
கீழாநெல்லிதான் இல்லை.

எதிரே கஞ்சமலை நிற்கிறது.
அமாவாசைக்கு அமாவாசை ஊரே போய்
மூலிகைக் காற்று வாங்கி வருகிறது.
எனக்கு வேண்டியதோ
மாதேஸ்வரி வீட்டுக் குளியல் தண்ணீர் ஓடும் வாய்க்காலோரம்,
முழங்கால் உயரம்கூட இல்லாமல்,
இலைக்கடியில் காயை ஒளித்துக்கொண்டு.

சுவரோரம் போய் நின்றேன்.
எட்டு மாதத்தை எந்தச் சொல்லால் தொடங்குவது?
முப்பது வருஷம் ஊதிய வாய்க்கு
ஒரு பிடி இலை கேட்கத் தெரியவில்லை.
தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன்.

விடிந்தபோது சுவர்மேல்
வேரும் சேறுமாக ஒரு கட்டு கீழாநெல்லி,
அதன்மேல் இரண்டு கொத்து ஓமவல்லி.
அந்தப் பக்கத்தில் குரல், பாவாடையிடம்:
"களை பிடுங்கினேன்.
குப்பையில போடறதைச் செவுத்து மேல வெச்சேன்.
யாருக்கு வேணுமோ."

அரைத்து, சுண்டைக்காய் அளவு உருட்டி,
அலகைப் பிளந்து நாக்குக்குப் பின்னால் வைத்தேன்.
செவலை இரண்டு உருண்டை விழுங்கி
என்னை ஒரு தரம் பார்த்தது.
ராத்திரி போய்விட்டது.
மூன்றாம் நாள் சேவல்.
இரண்டையும் ஆழமாகக் குழி வெட்டி
சுண்ணாம்பு தூவி மூடினேன்.

பெட்டையும் குஞ்சுகளும் தங்கின.
இலையா, சொட்டா, தனிக்கூண்டா,
இல்லை அதுகளின் ஆயுள் கெட்டியா?
பட்டறைக் கணக்கானால் யாருக்கு எத்தனை என்று
கூலி பிரித்து எழுதிவிடுவேன்.
இதற்கு எழுத வரவில்லை.

வைகாசியில் பெட்டை மறுபடி முட்டை வைத்தது.
ஓமம் மணக்கிறதா என்று மோந்து பார்த்தேன்.
முட்டை வாசம்தான் வந்தது.
மூன்றைக் கொட்டாங்கச்சியில் வைத்துச் சுவர்மேல் ஏற்றினேன்.
கூண்டைப் பார்த்துக் கொஞ்சம் உரக்கச் சொன்னேன்:
"வெக்க இடமில்ல. யாருக்கு வேணுமோ."

இப்போது பட்டறையில் உட்கார்ந்தபடியே
காதில் விழுகிறது:
சுவருக்கு அந்தப் பக்கம், ஓமவல்லிப் பாத்தியில்,
ஒற்றை முத்துச் சத்தம்.
ஊதுவதை நிறுத்திக் காத்திருக்கிறேன்.
கொடியில் பாவாடை காய்கிறது.
அதனிடம் இன்றைக்கு
யாரும் எதுவும் சொல்லவில்லை.